அக்கராயன் பாதையில் இரு வண்டிகள்

சென்ற மார்கழியில் ஒருநாள் அக்கராயனிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, நீங்கள் ஒருக்கா இங்கே வந்து தீர்ப்புச் சொல்லவேணும். அப்பாவுக்கும் எனக்கும் வழக்கு" என்றான். காணிப் பிணக்கோ, கலியாணப் பேச்சோ என்று நான் கலங்கிவிட்டேன். இரண்டும் அன்று; வண்டிப் பிணக்கு. வீட்டில் நிற்கும் பழைய ஜீப்பை விற்று, அந்தப் பணத்தை முதலாக வைத்து, மீதிக்குக் கடன்பட்டுப் புதிய வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது மகன் கட்சி. விற்கவே கூடாது என்பது தகப்பன் கட்சி. நெடுங்காலம் பள்ளிக்கூடத்திலே பௌதிகம் படிப்பித்தவன் ஆகையால் நான் நடுநிலை தவறமாட்டேன் என்று இருவரும் நம்பினர் போலும். உண்மையில் நான் நடுநிலையாளன் அல்லன். பழைய வண்டியின் பக்கம் சாய்ந்த மனத்தோடுதான் முறிகண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

பிள்ளையாரைக் கும்பிட்டு, ஏ-9 பெருவீதியை விட்டு மேற்கே திரும்பினால் அக்கராயன். அக்கராசன் என்னும் சிற்றரசன் ஆண்ட இடம் என்பது ஊர் மரபு. குளம், குளத்தின் கீழ் வயல், வயலைச் சூழக் காடு. பெரிய வீதிகள் எவ்வளவு திருந்தினாலும் வயலுக்கும் காட்டோரக் காணிகளுக்கும் போகும் பாதைகள் பழைய பாதைகளே. கோடையில் புழுதி, ஐப்பசி தொடக்கம் தை வரை சுரி. இந்தப் பாதைகளை ஆக்குவதும் அழிப்பதும் உழவு இயந்திரங்கள்தாம். அவற்றின் பெரிய பின்சில்லுகள் முழங்கால் ஆழத்துக்குத் தடம் பதித்துவிடும். இரு தடங்களுக்கும் நடுவே வரம்புபோல மண் எழுந்து நிற்கும். பின்னால் வரும் ஜீப்பின் சில்லுகள் தடத்துக்குள் இறங்க, அச்சின் நடுவிலே பூசணிக்காய்போலத் தொங்கும் பற்சில்லுப் பெட்டி அந்த வரம்பின்மேல் ஏறிக் குந்திவிடும். குந்திய வண்டியின் சில்லு எவ்வளவு சுழன்றாலும் பயன் இல்லை. விளம்பரங்களில் மலையுச்சியிலும் தெளிந்த நீரோடையிலும் புத்தம்புது வண்டி நிற்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் ஒருதரம் வன்னிக்கு வந்து உழவு இயந்திரத் தடத்திலே ஓடிக்காட்டலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டி எதுவாயினும் எம்மவர் வாயில் அது ஜீப்தான். அதிலே பெரிய பிழையும் இல்லை. இவையெல்லாம் ஒரே கொடிவழியின. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பனிகளும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் அவை உலகெங்கும் சிதறிக் கிடந்தன. வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலே தன் தோட்டத்தில் அப்படி ஒரு ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், இதைப்போல ஒன்றை நாமே செய்தால் என்ன என்று எண்ணியதன் பயன், 1948 சித்திரை 30ஆந் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் ரோவர். உருக்குக்குத் தட்டுப்பாடான காலம். ஆகவே அதன் உடலை அலுமினியத்தால் செய்தார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த அந்த ஏற்பாடே, துருப்பிடியாத உடல் என்று பின்னர் அதற்குப் புகழாயிற்று. இந்தியாவிலே மகிந்திரா கம்பனி 1947 முதல் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்றது. யப்பானில் டொயோட்டா 1951 இல் ஒரு ஜீப்பைச் செய்து, 1954 இல் அதற்கு லாண்ட் குரூசர் என்று பெயரிட்டது. எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே: ஏணி போன்ற இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் வளையாத அச்சு, அதைத் தாங்க வில்லுத்தகடுகள், இழுவையைப் பெருக்க ஒரு துணைக் கியர்ப் பெட்டி.

அத்தானின் வண்டியும் இந்த எலும்புக்கூடு உடையதே. அதன் கம்பனிப் பெயரையும், மருமகன் நண்பனிடம் இரவல் வாங்கி வந்திருந்த புதிய இரட்டைக் கதவு பிக்கப்பின் கம்பனிப் பெயரையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு நாட் சோதனையைக் கொண்டு எவரையும் புகழ்வதும் இகழ்வதும் முறையன்று.

ஆனால் அந்தப் பழைய வண்டி எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அது அத்தானின் முதல் ஜீப் அன்று. முதலாவது, 2008 புரட்டாதியில் ஊர் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களையும் அயல்வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போயிற்று. அதே மாதத்திலேதான் ஐக்கிய நாடுகள் சபையினதும் தொண்டு நிறுவனங்களினதும் வெள்ளை வண்டிகள் கிளிநொச்சியை விட்டு வரிசையாக வெளியேறின. அத்தானின் வண்டி வெளியேறவில்லை. போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் கரையில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வண்டிகளுள் அதுவும் ஒன்றாயிற்று. மீளக் குடியேறிய பின்பு வவுனியாவில் தேடித்திரிந்து வாங்கியது இப்போதுள்ளது. அதே இனம், ஏறக்குறைய அதே வயது. ஏன் அதையே தேடினீர்கள் என்று நான் கேட்டதில்லை.

நிற்க. மறுநாட் காலையில் மழை சற்று ஓய்ந்திருந்தது. குளக்கட்டின் அடியோடு போய், காட்டோரக் காணிவரை சென்று திரும்புவது என்று தீர்மானமாயிற்று. அத்தான் முன்னே, மருமகன் பின்னே.

எழுபத்தாறு வயதில் அத்தான் அந்த வண்டியைச் செலுத்துவதைக் காண்பது ஒரு காட்சி. சுரி தொடங்கும் இடத்திலே நிறுத்தினார். இறங்கி, முன்சில்லுகள் இரண்டின் நடுவிலும் உள்ள பூட்டைக் கையால் திருகினார். இல்லாவிட்டால் முன் அச்சு இழுக்காது. டயர்களில் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டார். ஒரு தடியை எடுத்துக்கொண்டு தடத்தின் வழியே நடந்து, ஆழம் பார்த்து, அடியிலே கிறவல் தட்டுப்படுகிறதா என்று குத்திப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். சுக்கானைப் பிடிக்கும்போது இரு பெருவிரல்களையும் வளையத்துக்கு வெளியே வைத்துக்கொண்டார். சில்லு கல்லிலே மோதினால் பழைய வண்டியின் சுக்கான் சவுக்குப்போல் திரும்பும். உள்ளே விரல் இருந்தால் முறியும். தடத்தில் முற்றாக இறங்காமல், ஒரு பக்கச் சில்லை நடு வரம்பிலும் மறு பக்கச் சில்லைப் பாதையோரத்திலும் ஏற்றி, மிக மெதுவாக ஓட்டினார். சுரி கழுத்தை நெரிக்கும் இடத்தில் அந்த வண்டியின் ஒடுங்கிய டயர்கள் மேற்சேற்றை அறுத்துக்கொண்டு அடிக் கிறவலைப் பிடித்தன. புது வண்டிகளின் அகன்ற டயர் மணலுக்கு நன்று. அடி கடினமான சேற்றில் சில வேளை அது மிதந்து வழுக்கும். நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி வாய்க்கால்வரைதான் நிலைத்தது. பாதையைச் சரிவாகக் குறுக்கறுத்து ஓடிய வாய்க்காலில் வண்டி இறங்கியதும் முன்னே இடச் சில்லும் பின்னே வலச் சில்லும் அந்தரத்தில் தொங்கின. தொங்கிய இரண்டும் சுழன்றன. நிலத்தில் நின்ற இரண்டும் சும்மா நின்றன. நான்கு சில்லு வண்டி என்று பெயர், இழுப்பதற்கு ஒன்றுமில்லை.

இதன் காரணத்தை மாணவர்க்காகச் சொல்கின்றேன். வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். அதற்கு இடங்கொடுப்பதற்காகவே அச்சின் நடுவில் அந்தப் பற்சில்லுப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது இரு சில்லுக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையையே கொடுக்கும். இரட்டை மாட்டு வண்டியின் நுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நுகம் நடுவிலே ஓர் ஆணியில் சுழல்வது. ஒரு மாடு தளர்ந்தால் நுகம் அந்தப் பக்கம் சரிந்துபோகும். மற்ற மாடு எவ்வளவு வலியதாயினும், தளர்ந்த மாடு இழுக்கும் அளவுக்கு மேல் அதனால் இழுக்க முடியாது. அந்தரத்தில் தொங்கும் சில்லு அந்தத் தளர்ந்த மாடு.

அத்தான் மண்வெட்டியோடு இறங்கினார். வாய்க்காற் கரையைச் செதுக்கி, தொங்கிய பின்சில்லின் கீழே கொப்புகளை வெட்டிப் போட்டு, கால் மணி நேரத்தில் வண்டியை ஏற்றிவிட்டார். அவர் மூச்சு வாங்குவதை மருமகன் பார்த்துக்கொண்டு நின்றான், ஒன்றும் சொல்லவில்லை.

பின்பு அவன் தன் வண்டியை அதே இடத்திற் கொண்டுவந்து விட்டான். இறங்கவில்லை, ஒரு குமிழைத் திருகினான். அதே இரு சில்லுகளும் தூக்கின. அரைச் சுற்றுச் சுழன்றன. அடியிலே 'கர்ர்' என்று ஓர் ஒலி. வண்டி ஊர்ந்து கரையேறிவிட்டது. எந்தச் சில்லு தொங்கிற்று என்பதைக்கூட அவன் அறியான். அறியவேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் ஓர் உணர்கருவி அளந்துகொண்டிருக்கிறது; ஒன்று மட்டும் வெறிதே சுழன்றால் அதற்கு மட்டும் பிரேக்கு விழுகிறது. தளர்ந்த மாட்டின் பக்கத்து நுகம் சரிந்துபோகாமல் ஒருவர் தாங்கிப் பிடிப்பதற்கு ஒப்பானது இது. பிடித்தவுடன் மற்ற மாட்டின் முழு வலிமையும் வண்டிக்குக் கிடைக்கிறது. இதைக் கண்டபின்பும் பழையதே சேற்றுக்குச் சிறந்தது என்று வாதிடுபவர் கண்ணை மூடிக்கொண்டே வாதிடவேண்டும். லாண்ட் ரோவரின் வரலாறும் அதையே காட்டும். 2016 தை மாதத்தில் உற்பத்தி நின்ற பழைய டிபெண்டர் 500 மில்லிமீற்றர் நீரில் இறங்கலாம் என்று அதன் உற்பத்தியாளர் வரையறுத்திருந்தனர். ஏணிச் சட்டமே இல்லாமல் 2019 இல் அறிமுகமான புதிய டிபெண்டருக்கு அது 900 மில்லிமீற்றர்.

நீர்ச் சோதனையும் எமக்குக் காத்திருந்தது. மதகுக்கு மேலால் வெள்ளம் முழங்காலளவு பாய்ந்தது. பழைய வண்டி நடுவிலே இருமி நின்றுவிட்டது. இயந்திரத்தின் முன்னுள்ள விசிறி நீரை வாரித் தீப்பொறி பகிரும் பெட்டியின்மேல் இறைத்திருந்தது. அத்தான் மூடியைத் திறந்து, அந்தப் பெட்டியின் தொப்பியைக் கழற்றி, தன் சால்வைத் துண்டால் உள்ளும் புறமும் துடைத்து மாட்டினார். ஐந்து நிமிடத்தில் இயந்திரம் எழுந்தது. எனக்கு அது வியப்பாக இருந்தது; அவருக்கோ வெட்கமாக இருந்தது. "தண்ணிக்குள் இறங்க முன்னம் விசிறிப் பட்டியைக் கழற்றியிருக்கவேணும், தம்பி. ஒருநாளும் மறக்கிறேல்லை" என்றார்.

புதிய வண்டி வெள்ளத்தை இலகுவாகக் கடந்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் அதன் பலகையிலே மஞ்சள் விளக்கொன்று எரிந்தது, அடுத்து இன்னொன்று. நாற்சில்லு இழுவை இப்போது கிடையாது என்று எழுத்திலே அறிவித்துவிட்டு, வண்டி தன் வலிமையைத் தானே குறைத்துக்கொண்டது. மருமகன் எவ்வளவு மிதித்தும் அது நடைவேகத்திற்கு மேல் போகச் சம்மதிக்கவில்லை. அத்தான் குனிந்து பார்த்தார், படுத்தும் பார்த்தார். எங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிகள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பின்னர் கணினி வைத்திருக்கும் ஒரு கராஜிலே நான்கு நாள் கிடந்தபோதுதான் நோய் தெரிந்தது: சில்லின் உணர்கருவிக்குப் போகும் ஒரு சிறு வயரை ஏதோ கொப்பு இழுத்து அறுத்திருக்கிறது. சேற்றைக் கடக்கும் கலையை வண்டிக்குக் கொடுத்த அதே உணர்கருவிதான்.

அன்றிரவு விறாந்தையில் இருந்து வழக்கைக் கேட்டேன். அத்தான் 1990களின் கதையை எடுத்தார். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் என்பது மருந்துபோலத் துளிக்கணக்காகிவிட்டது. அப்போது வன்னியிலும் குடாநாட்டிலும் பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அன்றைய மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் ஜீப்புக்கும் அது இயன்றது; அவற்றின் இயந்திரங்கள் எரிவாயுவை அதிகம் அமுக்காதவை. இன்றைய டீசல் இயந்திரமோ எரிபொருளை ஏறக்குறைய 2,000 வளிமண்டல அமுக்கத்தில் மயிரிழைத் துவாரங்கள் வழியே பீச்சுவது. டீசலோடு கொஞ்சம் தண்ணீர் கலந்தாலே அதன் பீச்சுகுழல்கள் கெட்டுவிடும். "இது எங்களை விட்டிட்டுப் போகாது. எதைக் குடுத்தாலும் குடிக்கும்" என்றார் அத்தான்.

மருமகன் மறுத்தான். "2022 இல் என்ன நடந்தது அப்பா? கியூஆர் அட்டைக்குக் கிடைத்த பெற்றோல் இதுக்கு ஒரு நாளைக்கும் காணேல்லை. மண்ணெண்ணெயும் இல்லை. மாதக்கணக்காக மாமரத்துக்குக் கீழேதானே நிண்டது?" அதுவும் மெய்யே. இன்னொன்றும் சொன்னான். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளுக்கு என்றுமில்லாத விலை ஏறிற்று. 2025 மாசியில் தடை நீங்கிவிட்டது. இந்த விலை நெடுநாள் நில்லாது என்பது அவன் கணக்கு. பெருவீதியிலே பழைய வண்டியின் பிரேக்கை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல முடியுமா என்றும் கேட்டான். பக்கவாட்டு வாங்கில், இருக்கைப் பட்டி கிடையாது. இதற்கு அத்தானிடம் மறுமொழி இல்லை; என்னிடமும் இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்று நான் சொல்லிப் பார்த்தேன். 1984 இல் வந்த 70 வரிசை லாண்ட் குரூசரை டொயோட்டா இன்றும் செய்கிறது. 2018 இல் புதுவடிவம் பெற்ற சுசுக்கி ஜிம்னியும் ஏணிச் சட்டத்தையும் வளையாத அச்சுகளையும் கைவிடாமல், சில்லுக்குப் பிரேக்குப் போடும் கணினியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பழைய எலும்பில் புதிய நரம்பு. மருமகன் சிரித்தான். ஒன்றின் விலை எட்டாது; மற்றதில் நெல் மூட்டை ஏற்ற இடமில்லை.

தீர்ப்பை மறுநாளுக்கு ஒத்திவைத்துவிட்டுக் குசினிக்குத் தேநீர் குடிக்கப் போனேன். அங்கேதான் அக்கா எனக்கு வழக்கின் வேரைச் சொன்னா. கார்த்திகையில் ஒரு மழையிரவு அத்தானுக்கு நெஞ்சுநோ வந்திருக்கிறது. மகன் அவரைப் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். ஒழுங்கை தாண்டுமுன்னே தடத்தில் இறங்கி வண்டி வரம்பிலே குந்திவிட்டது. முன்சில்லுப் பூட்டைத் திருகவேண்டும் என்பது அவசரத்தில் அவனுக்கு நினைவில் இல்லை. பின்னாலே படுத்திருந்த அத்தான், "இறங்கித் திருகடா, இறங்கித் திருகு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மழைச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை. கடைசியில் அயலவர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் தறப்பாள் போர்த்துக் கொண்டுபோனார்கள். "நெஞ்சுநோ பெரிசாயில்லை, மாறிவிட்டுது. ஆனால் இவன் அதுக்குப் பிறகு ஒழுங்காய் நித்திரை கொள்ளேல்லை" என்றா அக்கா.

நான் பகலிற் கண்டதெல்லாம் அப்போதுதான் ஒழுங்கில் வந்து நின்றன. பழைய வண்டியின் நாற்சில்லு ஆற்றலில் ஒரு பாதிதான் இரும்பில் இருக்கிறது. மறுபாதி தடியால் ஆழம் பார்ப்பதிலும், பூட்டைத் திருகுவதிலும், பெருவிரலை வெளியே வைப்பதிலும், விசிறிப் பட்டியைக் கழற்ற மறவாமையிலும் இருக்கிறது. நான் 'பழைய வண்டி சுரியைக் கடந்தது' என்று மகிழ்ந்தேனே, கடந்தது அத்தான். புதிய வண்டி அந்த மறுபாதியை ஓட்டுநரிடமிருந்து எடுத்துத் தன்னுள் வைத்துக்கொண்டுவிட்டது. எடுத்ததைத் திறந்து பார்க்க எம்மை விடுவதில்லை என்பதே அதன் குறை. ஆனால் ஒரு மழையிரவில், கைதேர்ந்தவரே நோயாளியாகப் பின்னால் படுத்திருக்கும்போது, முன்னால் இருப்பவனுக்கு எது வேண்டும்?

மறுநாட் காலையில் என் கருத்தைச் சொன்னேன். இருபது வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் பழையதை வைத்திரு என்றிருப்பேன், இப்போது விற்கலாம். உள்ளே சோடனை குறைந்த, கைக் கியர் உள்ள, அடிச்சட்டம் வைத்த பிக்கப்பாகப் பார்த்து வாங்கட்டும். வாங்கியதும் சில்லுகளுக்குப் போகும் வயர்களைத் தடித்த குழாய்க்குள் போட்டுக் கட்டுவிக்கட்டும். அக்காவிடம் கேட்டதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அத்தான் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "கொக்கா சொல்லிப்போட்டா போல" என்றார். பிறகு எழுந்துபோய் ஜீப்பின் இருக்கைக்குக் கீழே இருந்து ஒரு சாக்குச் சுருளை எடுத்துவந்தார். ஸ்பனர்கள், ஒரு குறடு, தீப்பொறிக் கட்டை கழற்றும் குழாய், கை தேய்ந்த ஒரு திருப்புளி, மடித்த பழைய சால்வைத் துண்டு. புது வண்டி வந்ததும் அதன் இருக்கைக்குக் கீழே இதை வை என்று மகனிடம் நீட்டினார்.

"அப்பா, அதிலே இதாலே கழற்ற ஒண்டும் இல்லை."

"இருக்கட்டும்" என்றார் அத்தான்.